டெல்ஃபினாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு

தாய்லாந்தின் நக்கோன் சவானில் இரண்டு ஆறுகள் ஒன்றுசேரும் இடத்துக்குப் பின்புறம், மீன் சந்தைக்கும் மாதா கோயிலுக்கும் நடுவில், ஒரு வரிசை வீடு இருந்தது. அதில் கடைசி வீட்டின் கீழ்த்தளத்தில் டெல்ஃபினாவும் நானும் பல வருஷம் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்திருந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வாசலில் செருப்பு விட இடமிருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் தன் மோட்டார் சைக்கிளை எடுத்து வேறெங்காவது வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திக்கொள்வார்.

சாப்பாடு ஒரு காரணம். டெல்ஃபினா பிலிப்பைன்ஸின் வடகோடியில் இருக்கும் இலோகோஸ்காரி. பாகற்காய், கத்திரிக்காய், வெண்டைக்காய் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு, ஊறிய மீன் விழுதைக் கரைத்து ஊற்றி, கரண்டி போடாமல் குலுக்கிக் குலுக்கியே வேகவைப்பாள். எங்கள் ஊர் மீன் விழுது இங்கே கிடைக்காது. தாய்லாந்தின் வடகிழக்கு ஜில்லாக்காரர்கள் விற்பதை வாங்கி வந்து, "இது மீனா, மீன் கழுவின தண்ணியா" என்று வாராவாரம் குறைசொல்லிவிட்டு அதையே ஊற்றுவாள்.

இன்னொரு காரணம், எல்லாருக்கும் அவளிடம் கேட்க ஏதாவது இருக்கும். இந்தப் பள்ளிக்கூடத்தில் கூப்பிடுகிறார்கள், போகலாமா? இந்தப் பயிற்சியில் சேரலாமா? வியட்நாமில் ஒரு டியூஷன் சென்டர், தங்க இடமும் தருகிறார்களாம், நம்பலாமா? டெல்ஃபினா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருப்பாள். பிறகு எல்லாரிடமும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

"அங்க வேலை பார்த்துட்டு விட்டுட்டுப் போனவங்க யார்கிட்டயாவது பேசினியா?"

பேசவில்லை என்றால், "பேசிட்டு வா. சோறு எங்கயும் போயிடாது" என்பாள்.

இந்தக் கேள்வி அவளுக்குச் சும்மா வந்ததல்ல.

நாங்கள் முதலில் சந்தித்துக்கொண்டது ஒரு கடற்கரை ஊர் ஓட்டலில். மணிலாவில் ஓர் ஏஜென்சி, தாய்லாந்தில் இரண்டு வாரப் பயிற்சி, உலகமெல்லாம் செல்லுபடியாகும் சான்றிதழ், வேலைக்கு உத்தரவாதம் என்று விளம்பரம் கொடுத்திருந்தது. பிலிப்பைன்ஸின் நடுத் தீவுகளில் இருக்கும் இலோய்லோவிலிருந்து நான் போனேன். சினாயிட் என்ற ஊரிலிருந்து அவள் வந்திருந்தாள். நான் படிப்பை முடித்துவிட்டு, கொஞ்ச நாள் ஒரு ஜவுளிக்கடையில் இருந்துவிட்டு வந்திருந்தேன். அவளோ சொந்த ஊர் அரசுப் பள்ளியில் பல வருஷம் ஆசிரியையாக இருந்தவள். அப்பா போன பிறகு, வீட்டில் எல்லாருக்கும் இளையவளான தங்கை எஸ்டெலாவைக் கல்லூரியில் படிக்கவைக்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்திருந்தது. அதனால்தான் வெளிநாடு.

பயிற்சி கொடுத்தவர் பெயர் கேரி. எந்த நாட்டுக்காரர் என்று கடைசிவரை தெரியவில்லை. அரைக்கால் சட்டையோடு வருவார். எங்களையே பிள்ளைகளாக உட்காரவைத்து, எங்களையே டீச்சராக நிற்கவைத்து விளையாட்டு நடத்துவார். டெல்ஃபினாவை வாத்தாக நடிக்கச் சொன்னார். அவளும் கையை மடக்கிக்கொண்டு வகுப்பைச் சுற்றி வந்தாள். சுற்றி வந்து அவர் முன்னால் நின்று, "சார், நிஜப் பிள்ளைங்க எப்ப வருவாங்க?" என்று கேட்டாள்.

அவர் சிரித்துக்கொண்டே, முதலில் சந்தோஷமாக இருக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். பிள்ளைகள் யாரும் வரவே இல்லை. கடைசி நாளன்று எல்லாருக்கும் தங்க முத்திரை குத்திய சான்றிதழ் கிடைத்தது. பின்வரிசையில் தூங்கிக்கொண்டே இருந்தவருக்கும் கிடைத்தது. சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பாதியில் ஊருக்குத் திரும்பிவிட்ட ஒருவருக்குத் தபாலில் போனது.

அன்று சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்து டெல்ஃபினா அந்தச் சான்றிதழைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பெர்லா, வயித்தால போனவனும் பாஸாம். அப்ப நான் பாஸானதுக்கு என்னடி அர்த்தம்?"

நான் சிரித்தேன். வேலை கிடைத்தால் போதாதா என்றேன். வேலையும் கிடைத்தது. நக்கோன் சவானுக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் தனியார் பள்ளி. என்னை மழலையர் வகுப்புக்குப் போட்டார்கள். அவளை நான்காம் வகுப்புக்கு. போவதற்கு முன்னால் ஏஜென்சிக்காரர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, பெற்றோர்களுக்கு வெள்ளைக்கார நாட்டு டீச்சர்தான் பிடிக்கும், அதனால் நீ கனடாவில் பிறந்தவள், உன் பெயர் டீனா என்று சொல்லிவிட்டார். முடியாது என்று டெல்ஃபினா சொல்லியிருக்கலாம். பயணத்துக்குப் போட்ட காசும், எஸ்டெலாவின் படிப்பும் அவள் வாயை அடைத்துவிட்டன. வேலை அனுமதி எப்போது வரும் என்று நாங்கள் கேட்கும்போதெல்லாம், "போயிட்டிருக்கு, போயிட்டிருக்கு" என்ற பதில்தான் வந்தது.

நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பனி என்றால் பைத்தியம். டீச்சர் டீனா, பனி எப்படி இருக்கும்? பனியில் நாய் நடக்குமா? பனியைத் தின்றால் பல் கூசுமா? டெல்ஃபினா ஐஸ் வண்டிக்காரர் சீவிக் கொடுக்கும் ஐஸை மனதில் வைத்துக்கொண்டு சமாளித்தாள். பிள்ளைகள் படம் வரைந்து வரைந்து வகுப்புச் சுவரெல்லாம் பனிவீடாக ஆகிவிட்டது. வெளியில் வெயில் கொளுத்தும், உள்ளே பனி கொட்டும். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரிப்போம். ஆனால் அவள் சிரிப்பு கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். பிள்ளைகள் நல்ல ஆங்கிலம் பேச ஆரம்பித்திருந்தார்கள். அது பொய்யில்லை. மற்றதெல்லாம் பொய். இந்த இரண்டையும் ஒரே வாயால் சொல்லவேண்டியிருந்ததுதான் அவளை அரித்தது.

ஒரு நாள் கின்னரீ என்ற பெண்மணி அவளைப் பார்க்க வந்தார். ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தவர். அவர் மகள் டெல்ஃபினாவின் வகுப்பில் படித்தாள். அந்தம்மா ஒரு கூடை கொய்யாப்பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார். நானும் அங்கே இருந்தேன்.

"டீச்சர், என் மகளைக் கனடாவுல ஒரு சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிப் படிக்கவைக்கலாம்னு இருக்கோம். சின்னப் பிள்ளை. எனக்குத் தூக்கமே வரலை. நீங்க அங்க பிறந்து வளர்ந்தவங்க. ஒரு தாய் மாதிரி சொல்லுங்க. எந்த ஊரு நல்லது? அனுப்பலாமா?"

டெல்ஃபினா அந்தக் கொய்யாப்பழங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் கனடாவைப் பார்த்ததே இல்லை. பனியும் பார்த்ததில்லை. நான் பிலிப்பைன்ஸ். என் பேரு டெல்ஃபினா. உங்க மகளை எங்க அனுப்பறதுன்னு சொல்ல எனக்குத் தகுதி கிடையாது."

கின்னரீ அவளை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம், "அப்ப நீங்க சொல்லிக்கொடுத்த இங்கிலீஷு?" என்றார்.

"அது நிஜம்மா. ஊருல அரசாங்கப் பள்ளிக்கூடத்துல அதைத்தான் பண்ணிட்டு வந்தேன்."

அவர் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் டெல்ஃபினாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கும்பிட்டுவிட்டு எழுந்து போனார். பழக்கூடையைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

டெல்ஃபினா மறுநாள் வகுப்பிலும் உண்மையைச் சொல்லிவிட்டாள். பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டார்களாம். கடல், புகையிலை, பூண்டு, குதிரை வண்டி என்று சொன்னாளாம். குதிரையைப் பற்றிக் கேட்டே அந்த வகுப்பு முடிந்ததாம். ஆனால் பள்ளிக்கூடத்தார் சும்மா விடுவார்களா? அன்று மத்தியானமே ஏஜென்சிக்காரர் ஃபோனில் கத்தினார். அவள் வேலை போயிற்று. கூடவே ஓர் உண்மையும் வெளியே வந்தது. வேலை அனுமதிக்கு யாரும் மனுவே போட்டிருக்கவில்லை. சுற்றுலாப் பயணிகளாக வந்து, சட்டத்துக்குப் புறம்பாக வேலை பார்த்துக்கொண்டிருந்தோம், நானும் சேர்த்து. அவளோடு நானும் வெளியே வந்தேன்.

மூட்டை கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது கின்னரீ வண்டியில் வந்து இறங்கினார். என் மூத்தவள் நக்கோன் சவானில் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தாள், வேலைக்கு வருகிறவர் வெள்ளைக்காரரா என்று அவர்கள் மூஞ்சியைப் பார்ப்பதில்லை, போய்க் கேட்டுப் பாருங்கள் என்றார். அதைச் சொல்லத்தான் கடையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

நாங்கள் எல்லையைத் தாண்டிப்போய், பாஸ்போர்ட்டில் புது முத்திரை வாங்கிக்கொண்டு, ஒழுங்காகத் திரும்பி வந்தோம். நான் உடனே அந்தப் பள்ளிக்குப் போய் நிற்கலாம் என்றேன். டெல்ஃபினா கேட்கவில்லை. "ஒருதடவை யாரோ சொன்னாங்கன்னு போனோம். இப்பவும் யாரோ சொன்னாங்கன்னுதானே போறோம்? நல்லவங்கதான் சொன்னாங்க. இருந்தாலும் நானே பார்க்கணும்" என்றாள்.

பள்ளி வாசலுக்கு எதிரில் ஒரு ஐஸ் காப்பி வண்டி. அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, பள்ளி விடும் நேரத்தில் தினமும் போய் உட்கார ஆரம்பித்தாள். ஆசிரியர்கள் எப்படி வெளியே வருகிறார்கள் என்று பார்ப்பாள். பேசிக்கொண்டு வருகிறார்களா, தப்பித்தால் போதும் என்று ஓடுகிறார்களா? போன வாரம் பார்த்த முகமே இந்த வாரமும் இருக்கிறதா? ஆளே மாறிக்கொண்டிருக்கும் பள்ளியில் ஏதோ கோளாறு என்பது அவள் கணக்கு. காப்பிக்காரம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "புருஷன் உள்ள வேலை பார்க்கிறானா? யார்கூட வெளிய வர்றான்னு பார்க்கிறியா? சொல்லு, நானும் கவனிக்கிறேன்" என்று கேட்டாளாம். டெல்ஃபினா விஷயத்தைச் சொன்னதும் அவளே ஆசிரியர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்லித் தீர்த்துவிட்டாள்.

அதன் பிறகுதான் உள்ளே போனாள். ஆங்கிலப் பிரிவுக்குத் தலைமை அரீரட் என்ற அம்மாள். பெரிய கண்ணாடி, சிரிக்காத முகம். அவர் கேட்டதற்கெல்லாம் டெல்ஃபினா பதில் சொன்னாள். பிறகு, நானும் கேட்கலாமா என்றாள். எனக்கு முன்னால் இந்த இடத்தில் இருந்தவர் ஏன் போனார்? அவரிடம் நான் பேச முடியுமா? வேலை அனுமதி கைக்கு வருவதற்கு முன்னால் என்னை வகுப்புக்குள் அனுப்புவீர்களா?

அரீரட் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். தாய்லாந்தில் ஆசிரியரைக் க்ரூ என்றுதான் கூப்பிடுவார்கள். "க்ரூ டெல்ஃபினா, இப்ப யாரு யாரை நேர்காணல் பண்றாங்க?"

"ரெண்டு பேரும்தான்மா."

அரீரட் உடனே, வேலையை விட்டுப்போன ஆசிரியையின் எண்ணைச் சுழற்றி ரிசீவரை டெல்ஃபினாவிடம் நீட்டிவிட்டு, எழுந்து வெளியே போய்விட்டார். அந்த ஆசிரியை கல்யாணமாகிச் சியாங் மாய்க்குப் போனவர். அவர் குறைகளாக அடுக்கினாராம். அந்தம்மா ரொம்பக் கறார், வெள்ளிக்கிழமைக் கூட்டம் முடியவே முடியாது, மாடி வகுப்பில் மின்விசிறி ஓடாது. ஆனால் வேலை அனுமதித் தாளெல்லாம் ஒழுங்காக வந்துவிடும், என் அப்பா இறந்தபோது கேட்காமலே லீவு கொடுத்து அனுப்பினார்கள், கல்யாணம் ஆகியிருக்காவிட்டால் அங்கேயே இருந்திருப்பேன் என்றாராம்.

டெல்ஃபினா வீட்டுக்கு வந்தபோது அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே. நான் பயந்துபோய் என்ன ஆயிற்று என்றேன்.

"பெர்லா, குறை சொல்ற ஆளோட நம்பரை அவங்களே குடுத்தாங்கடி. அவங்களே குடுத்தாங்க" என்றாள்.

அந்தப் பள்ளியில் அவள் சேர்ந்தாள். அடுத்த வருஷம் அங்கேயே மழலையர் பிரிவில் எனக்கும் இடம் கிடைத்தது. அப்போதுதான் அந்த வரிசை வீட்டுக்குக் குடிவந்தோம்.

அந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு முதலில் சத்தம்தான் ஞாபகம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு, சட்டி குலுங்குவது, யாராவது ஒருவர் கிதாரை மீட்டுவது. டெல்ஃபினா என்னைச் சீண்டுவாள். "இலோய்லோக்காரி திட்டினாலும் தாலாட்டு மாதிரி இருக்கு, எந்தப் பிள்ளை பயப்படும்?" என்பாள். இலோகோஸ்காரர்கள் காசு விழுந்துவிடாமல் கையை மூடிக்கொண்டே பிறப்பவர்கள் என்று நான் திருப்பிக் கொடுப்பேன். நடுவில் அறிவுரையும் நடக்கும். செபுவிலிருந்து வந்த ஒரு புருஷன் பெண்டாட்டி, இலவச வீடு தருகிறார்கள் என்று குதித்துக்கொண்டு வந்தார்கள். அந்த வீட்டின் படம் கேளுங்கள் என்றாள் டெல்ஃபினா. படம் வந்தது. பள்ளிச் சமையலறைக்கு மேலே ஒரு பரண், சன்னல் இல்லை. அந்தப் பெண் படத்தைப் பார்த்துவிட்டுத் தன் புருஷனிடம், "உன்னை வேகவைக்கக் கூப்பிட்டிருக்காங்க" என்றாள். வீடே சிரித்தது.

பயிற்சி பற்றிக் கேட்பவர்களுக்கும் அவளிடம் கேள்விகள் உண்டு. நிஜப் பிள்ளைகள் முன்னால் நிற்கவைப்பார்களா? நீ சொல்லிக்கொடுப்பதை யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? நன்றாக இல்லை என்றால் அதை உன் முகத்துக்கு நேரே சொல்வார்களா? தேறாதவர்கள் யாராவது உண்டா? "எல்லாரும் பாஸாகிற இடத்துக்குப் போகாதே" என்பாள். வாத்தாக நடித்த கதையை நான்தான் எடுத்துச் சொல்வேன். அவள் என் முதுகில் ஒன்று வைப்பாள்.

இப்படி அவள் பேச்சு பரவி, ஊரில் ஆங்கில மையம் நடத்திய விச்சிட் என்பவர் காதுக்குப் போனது. அவர் வந்தார். ஒரு சனி ஞாயிறில் முடிகிற பயிற்சி நடத்தப்போகிறேன், நீங்கள் வந்து கஷ்டப்படவேண்டாம், விளம்பரத்தில் உங்கள் பெயரைப் போட்டுக்கொள்கிறேன் என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். டெல்ஃபினாவும் மரியாதையாகவே பதில் சொன்னாள்.

"இந்தப் பேரு எங்கம்மா வச்சது சார். வாடகைக்கு விடறதில்லை."

ஆனால் அந்த எண்ணம் அவளை விடவில்லை. மார்ச் முதல் மே வரை பள்ளி விடுமுறை. பிள்ளைகளுக்குக் கோடை வகுப்பு எப்படியும் நடக்கும். அரீரட்டிடம் பேசினாள். மடத்துச் சகோதரிகள் ஒப்புக்கொண்டார்கள். புதிதாக வருகிறவர்கள் காலையில் நிஜப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவார்கள். டெல்ஃபினா பின்னால் ஒரு குழந்தை நாற்காலியில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பாள். மத்தியானம் நல்லதையும் கெட்டதையும் சொல்வாள். அந்தப் பயிற்சிக்கு நல்ல பெயர் வந்தது. அங்கே தேறினவர்கள் என்றால் மற்றப் பள்ளிகள் மறுகேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டன.

எஸ்டெலா வந்தது அப்போதுதான்.

படிப்பை முடித்துவிட்டு, அக்காவிடம் வந்தால் வேலை நிச்சயம் என்று நம்பி வந்தாள். அழகி. பாடுவாள், ஆடுவாள். வந்த முதல் ஞாயிறே எங்கள் வீட்டுக் கூட்டத்தை மயக்கிவிட்டாள். டெல்ஃபினாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தங்கை தட்டில் மட்டும் கறி இரண்டு கரண்டி அதிகமாக விழும்.

வகுப்பிலும் பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். ஆனால் மணி அடிக்கும்வரை எஸ்டெலாவே பேசுவாள், எஸ்டெலாவே பாடுவாள். பிள்ளைகள் வாயைத் திறக்க இடமே இருக்காது. டெல்ஃபினா தினமும் சொன்னாள். எஸ்டெலா தினமும் சரி என்றாள். எஸ்டெலாவின் கடைசிப் பாடத்தன்று, திக்கித் திக்கிப் பேசும் ஒரு சின்னப் பெண் எழுந்து ஒரு வாக்கியம் சொல்லப் பார்த்தாள். எஸ்டெலா அவள் சொன்னபடியே திக்கிச் சொல்லிக் காட்டினாள். கெட்ட எண்ணம் எதுவுமில்லை, சிரிக்கவைக்கத்தான். வகுப்பு சிரித்தது. அந்தப் பெண் உட்கார்ந்தாள். பிறகு மீதிக் கோடை வகுப்பு முழுக்க அவள் பேசவில்லை.

டெல்ஃபினா எஸ்டெலாவைத் தேர்ச்சியில்லை என்று போட்டாள்.

எங்கள் சமையலறையில்தான் அந்தச் சண்டை. நான் வெளியே போகப் பார்த்தேன், டெல்ஃபினா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். எஸ்டெலா அழவில்லை. இலோகோஸில் அக்காவைக் கூப்பிடும் வார்த்தையால், மனாங் என்று, நிதானமாகவே கூப்பிட்டாள்.

"மனாங், ஊருல இருக்கிறவன் எல்லாம் உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நல்லா இருக்கான். சொந்தத் தங்கச்சிக்கு உன்கிட்ட இதுதானா?"

"அவங்க நம்பிக் கேக்கறாங்க. உன்னைப் பாஸ் போட்டா நாளைக்கு எதை நம்பிக் கேப்பாங்க? மறுபடி உட்காரு. நான் சொல்லித் தர்றேன்."

"நீ சொல்லித் தர வேண்டாம். நீ எனக்கு அக்காவா இருந்திருந்தா போதும்."

மறுநாள் எஸ்டெலா ஊருக்குப் போய்விட்டாள். அந்த ஞாயிறு டெல்ஃபினா சட்டியைக் குலுக்க மறந்து அடிப்பிடிக்கவிட்டாள். வந்தவர்கள் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அதற்கப்புறம் அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. வருஷங்கள் போயின. அம்மா மூலமாக ஒருவரைப் பற்றி ஒருவர் தெரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். அப்புறம் ஒரு நாள் எஸ்டெலா எனக்கு ஃபோன் பண்ணினாள். வியட்நாமில் ஹைஃபோங் நகரத்தில் ஒரு மையம் கூப்பிடுகிறது, என்ன கேட்கவேண்டும் என்று மனாங்கிடம் கேட்டுச் சொல்லுங்கள், எனக்காக என்று சொல்லிவிடாதீர்கள் என்றாள்.

நான் டெல்ஃபினாவிடம் போய், என் சிநேகிதி ஒருத்தி என்று ஆரம்பித்தேன். டெல்ஃபினா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன் சிநேகிதிக்கு எந்த ஊரு?"

"இலோய்லோ பக்கம்" என்றேன்.

"ம்" என்றாள். பிறகு கேட்கவேண்டியதையெல்லாம் சொன்னாள். வழக்கமாகச் சொல்வதைவிட அதிகம். மறுநாளே ஹைஃபோங்கில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவரை எங்கிருந்தோ தேடிப் பிடித்துப் பேசினாள். அந்த மையம் வேண்டாம், சம்பளத்தைத் தள்ளிப்போடுகிறார்கள், அதே தெருவில் இன்னொன்று இருக்கிறது, அது பரவாயில்லை என்று என்னிடம் சொன்னாள். "உன் சிநேகிதி குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போகட்டும். சின்ன வயசுலேருந்து அவளுக்குச் சளி பிடிக்கும்" என்றும் சொன்னாள்.

என் சிநேகிதிக்குச் சளி பிடிக்கும் என்று உனக்கெப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. எஸ்டெலாவும் மனாங்குக்குத் தெரிந்துவிட்டதா என்று கேட்கவில்லை. இரண்டு பிடிவாதக்காரிகளுக்கு நடுவில் நான் தபாலாபீசாக இருந்தேன். அங்கே போய் எஸ்டெலா இன்னொரு பயிற்சியில் சேர்ந்தாள், மாதக்கணக்கில் நடப்பது. அதில் முதல் தடவை தேறவில்லை. மறுபடி உட்கார்ந்து தேறினாள். இதையும் நான்தான், சிநேகிதி பெயரில், டெல்ஃபினாவுக்குச் சொன்னேன். "நல்ல இடம்போல இருக்கு" என்றாள் அவள். அன்றைக்கு முழுக்கப் பாடிக்கொண்டே வேலை செய்தாள்.

எஸ்டெலா வந்து நின்றது சீனப் புத்தாண்டன்று. வியட்நாமிலும் அதே சமயத்தில்தான் விடுமுறை. நக்கோன் சவானில் நாங்கள் இருந்த பாக் நாம் போ என்ற பழைய பகுதியில் சீனப் புத்தாண்டு என்றால், டிராகன் ஊர்வலம் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். மேளம், ஜால்ரா, வெடி எல்லாம் சேர்ந்து காது அடைத்துவிடும். டெல்ஃபினா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு, ஒரு பெட்டியை இழுத்தபடி எஸ்டெலா வந்தாள். கொஞ்சம் உடம்பு போட்டிருந்தாள். எனக்கு மட்டும்தான் அவள் வருவது தெரியும்.

டெல்ஃபினா ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. எஸ்டெலா காதைக் காட்டினாள். டெல்ஃபினா அவள் காதருகே போய் உரக்கச் சொன்னாள்: "சாப்பிட்டியான்னு கேட்டேன்."

"இல்லை" என்றாள் எஸ்டெலா.

உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். எஸ்டெலா பாதி சாப்பிட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"மனாங், நீ அன்னிக்கு என்னைப் பாஸ் போட்டிருக்கலாம்."

"போட்டிருக்கக் கூடாது."

"போட்டிருக்கக் கூடாதுதான். ஆனா போட்டிருக்கலாம்."

டெல்ஃபினா யோசித்தாள். "ஆமா" என்றாள். "ராத்திரி ராத்திரி எனக்கும் அப்படித்தான் தோணும்." அப்புறம் சட்டியைத் தூக்கி மீதியையெல்லாம் தங்கை தட்டில் கவிழ்த்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். வெளியில் வெடி வெடித்துக்கொண்டிருந்ததால் யார் எவ்வளவு அழுதார்கள் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு சில வருஷங்களில் அம்மாவுக்கு முடியாமல் போய், டெல்ஃபினா வேலையை விட்டு ஊருக்குப் போனாள். போகும்போது அரீரட் பஸ் நிலையத்துக்கு வந்திருந்தார். ஓய்வுபெற்றிருந்தார், கண்ணாடி இன்னும் பெரிதாகியிருந்தது. உன் இடத்துக்கு வருகிறவர்கள் உன்னிடம் பேசவேண்டுமென்றால் எந்த எண் என்று கேட்டார். டெல்ஃபினா சிரித்து, எழுதிக் கொடுத்தாள். அப்படி மூன்று பேர் கூப்பிட்டுப் பேசினார்களாம். மூன்று பேரிடமும் மாடி மின்விசிறியைப் பற்றிச் சொன்னேன் என்றாள்.

இப்போது சினாயிட்டில் பூண்டு போடுகிறாள். எஸ்டெலா ஹைஃபோங்கில் ஒரு வியட்நாம்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருக்கிறாள். நான் இங்கேயே நின்றுவிட்டேன். புதிதாக வேலை தேடி வரும் பிள்ளைகள் பள்ளிக்கூடங்களைப் பற்றிக் கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறார்கள். எத்தனை நட்சத்திரம் என்று எண்ணுகிறார்கள். அதில் தப்பில்லை. நல்ல இடங்கள் முன்பைவிட அதிகமாகத்தான் இருக்கின்றன. சிலர் பூசை முடிந்து என்னிடம் வந்தும் கேட்பார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வரிசை வீட்டை இடித்துவிட்டு வண்டி நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து அந்த வழியாகத்தான் வருகிறேன். வேறு வழியும் இருக்கிறது, கொஞ்சம் குறுக்கு வழிதான். ஆனாலும் அந்தப் பக்கமாகவே நடக்கிறேன். சந்தையில் பாகற்காய் வாங்கும்போது கை பழைய பழக்கத்தில் ஒரு கூட்டத்துக்கே அள்ளிவிடும். கடைக்காரப் பெண் என்னைப் பார்ப்பாள். நான் பாதியைத் திருப்பி வைப்பேன்.